எங்கள் வீட்டுக் குழாய்

விருகம்பாக்கத்தில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் பல வருடங்கள் தெருவோர மழைநீர் வடிகாலில்தான் விழுந்தன. அப்படி இணைக்கச் சொன்னவன் நான். பாதாளச் சாக்கடை அப்போது எங்கள் தெருவுக்கு வரவில்லை. செப்டிக் டேங்க் சீக்கிரம் நிரம்பிவிடும். ஒவ்வொரு முறையும் லாரிக்குப் பணம் அழ வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாகக் குழாய் போட்டுவிடலாம் என்றார் கொத்தனார். சரி என்றேன். பாதாளச் சாக்கடை வந்த பிறகும் இணைப்பு கேட்டு விண்ணப்பிக்கவில்லை. அடைப்பில்லாமல் போய்க்கொண்டிருக்கிறதே என்ற அலட்சியம்.

எங்கே போகிறது என்று தெரியாமல் செய்யவில்லை. மழைநீர் வடிகால் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போவதில்லை. எங்கள் பக்கத்துத் தண்ணீர் விருகம்பாக்கம் – அரும்பாக்கம் கால்வாய் வழியாகக் கூவத்தில் கலக்கிறது. மழைக்காலம் போக மற்ற மாதங்களில் நகரத்துக்குள் கூவத்துக்குச் சொந்தத் தண்ணீர் அநேகமாகக் கிடையாது. நாம் விடுவதுதான் ஓடுகிறது. நேப்பியர் பாலத்தருகே முகத்துவாரத்தை மணல் மூடினால் அதுவும் தேங்கி அழுகி, நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது.

ஒருமுறை, மழைக்கு முன்னால், தூர்வார ஆட்கள் வந்தார்கள். சிமென்ட் மூடியைப் பெயர்த்து ஒருவர் உள்ளே இறங்கி, கறுப்புச் சேற்றைப் பாண்டில் அள்ளி மேலே கொடுத்துக்கொண்டிருந்தார். வடிகால் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. எங்கள் குழாயிலிருந்து துணி துவைத்த நுரைத் தண்ணீர் அவர் முழங்கையில் கொட்டியது. நிமிர்ந்து பார்த்து, "யார் வூட்டுக் கொழா சார் இது?" என்று கேட்டார்.

"தெரியலப்பா" என்றேன்.

கூவத்தை நாறடித்தது கரையோரக் குடிசைக்காரர்கள்தான் என்று நண்பர்கள் பேசும்போதெல்லாம் தலையாட்டியும் இருக்கிறேன். எனக்கு அது வசதியாக இருந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு, பார்த்த வேலையையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் விட்டு வெகுதூரம் அனுப்பப்பட்டன. அவர்கள் ஆற்றை ஒட்டி வாழ்ந்ததால் எல்லார் கண்ணிலும் பட்டார்கள். என் குழாய் மண்ணுக்கடியில் இருந்தது. அவர்கள் போன பிறகும் அதிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது முறையாக இணைப்பு வாங்கிவிட்டேன். பழைய குழாயை வெட்டி, வாயைச் சிமென்ட் வைத்து அடைத்தாயிற்று. ஆனால் அந்தக் கொத்தனாரை எதிர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசு செய்தவனும் நான்தான். அவர்கள் குழாய்கள் இன்னும் வடிகாலில்தான் விழுகின்றன. இதுவரை அவர்களிடம் வாய் திறக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுக்கும் போகிறேன், விண்ணப்பப் படிவங்களோடு.