ஐந்துக்கு ஐந்து

ஐந்துக்கு ஐந்து மீட்டர். தஞ்சை மாவட்டத்தில் ஒரு வருவாய்க் கிராமத்தின் சம்பா விளைச்சல் இவ்வளவுதான் என்று பதிவேட்டில் ஏறுவது இந்த அளவுள்ள சில சதுரங்களை வைத்துத்தான். புல எண்ணைக் குலுக்கல் போல எடுப்பார்கள். வயலின் மூலையிலிருந்து எத்தனை தப்படி உள்ளே போய் முளையடிப்பது என்பதும் அப்படியே முடிவாகும். கயிறு கட்டி, உள்ளே நிற்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்துத் தூற்றி எடை போடுவார்கள். 25 சதுர மீட்டர் என்பது ஒரு ஹெக்டேரில் நானூறில் ஒரு பங்கு. தராசு 12 கிலோ காட்டினால் ஹெக்டேருக்கு 4,800 கிலோ. அதில் ஈரத்துக்குக் கழிவு உண்டு. கிராமத்துக்குக் குறைந்தது நான்கு சோதனைகள். அவற்றின் சராசரி, உத்தரவாத மகசூலுக்குக் கீழே இறங்கினால் காப்பீடு செய்த அத்தனை பேருக்கும் இழப்பீடு. இறங்காவிட்டால், தன் வயலில் பாதியை இழந்தவருக்கும் பெரும்பாலும் ஒன்றுமில்லை.

அறுவடைச் சோதனை நடக்கும் வரப்பில் ஊரே கூடி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கயிறு இழுத்துக் கட்டியிருக்கிறதா, மூலை சரியாக மடங்குகிறதா, தூற்றும்போது நெல் சிந்துகிறதா என்று ஒவ்வொன்றையும் கண்கள் கவனிக்கும். சண்டையும் வரும். ஆனாலும் அங்கே எழுதப்படும் எண்ணை ஊர் தன் எண்ணாக ஏற்றுக்கொள்கிறது. பிறந்த இடத்தைக் கண்ணால் பார்த்த எண் அது.

என் வேலை அந்த வரப்பிலிருந்து எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நெல் விளைச்சலைக் கணிக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவுக்கு மேலே வானம் வெளுப்பதே அபூர்வம். சாதாரணப் படத்தில் மேகம்தான் தெரியும். அதனால் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ரேடாரை நம்பியிருக்கிறோம். ஐரோப்பிய விண்வெளி முகமை 2014இல் முதன்முதலாக ஏவிய சென்டினல்-1 வரிசையின் படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நடவுக்காகத் தண்ணீர் கட்டிய வயலில் ரேடார் அலை கண்ணாடியில் பட்டதுபோல வழுக்கிப் போய்விடும். படத்தில் அந்த இடம் கறுத்திருக்கும். தூர் வெடித்துப் பயிர் எழும்ப எழும்ப அது வெளுத்துக்கொண்டே வரும். கறுத்த தேதி நடவுத் தேதி. வெளுக்கும் வேகம் பயிரின் வளர்ச்சி. இதனுடன் வானிலையைச் சேர்த்து, சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒரைசா போன்ற பயிர் மாடலில் ஓட்டினால் விளைச்சல் கிடைக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் ரைஸ் திட்டத்தின் மூலம் இந்த வேலையைத் தமிழ்நாட்டில் வளர்த்தெடுத்தது. 2016-17 வறட்சியில் விதைக்கவே முடியாமல் போன ஊர்களைப் பிரித்துக் காட்டக் காப்பீட்டுத் திட்டத்துக்கு அது கைகொடுத்தது. கடைமடை வரை தண்ணீர் வராத ஆண்டு அது. வயல் வயலாக ஆள் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த பருவமே வந்திருக்கும்.

ஆகவே தொழில்நுட்பத்தின் மேல் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காகவே என் நாட்களைக் கொடுத்திருக்கிறேன். என் கவலை, அதைச் சுற்றி எழுப்பப்படும் சுவர்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் யெஸ்-டெக் என்ற முறை 2023 காரிஃப் பருவத்தில் வந்தது. நெல்லுக்கும் கோதுமைக்கும் விளைச்சலை முடிவு செய்யும்போது தொழில்நுட்பக் கணிப்புக்குக் குறைந்தது 30 சதவீத எடை தர வேண்டும். அதை நடைமுறைப்படுத்தும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 30 சதவீதம் சிறிய பங்குபோலத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உத்தரவாத மகசூல் ஹெக்டேருக்கு 4,500 கிலோ, ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 35,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வயலில் அறுத்துப் பார்த்தது 3,600 கிலோ என்றால் இழப்பு 20 சதவீதம். ஏக்கருக்கு 7,000 ரூபாய். மாடல் 5,200 என்று சொன்னால்? இரண்டையும் கலந்தால் 4,080 கிலோ. இழப்பு ஒன்பது சதவீதத்துக்குச் சற்று மேல்; கைக்கு வருவது சுமார் 3,270 ரூபாய். ஊர் தன் கண்ணால் பார்த்த எண் தரும் இழப்பீடு, ஊர் பார்க்காத எண்ணால் பாதிக்கும் கீழாகிவிடுகிறது. மாடல் சொன்னது சரியாகவும் இருக்கலாம். கயிறு கட்டிய சதுரம் தற்செயலாக மோசமான இடத்தில் விழுந்திருக்கலாம். எது சரி என்று ஊர் எப்படித் தெரிந்துகொள்ளும்?

மாடலை நடத்துபவர்களைக் கேட்டால் வணிக ரகசியம் என்கிறார்கள். எந்த ஊர்களின் சோதனை முடிவுகளைக் கொண்டு மாடலைப் பழக்கினார்கள், அதன் பிழை எல்லை என்ன, ஆடுதுறையின் குறுகிய கால ரகத்தையும் நீண்ட காலச் சம்பா ரகத்தையும் அது பிரித்தறிகிறதா என்ற எதற்கும் பதிலில்லை. அதே விவசாயி காப்பீடு செய்யப் போகும்போதோ ஆதார், வங்கிப் புத்தகம், சிட்டா, அடங்கல், கைபேசி எண் என எல்லாவற்றையும் நகலெடுத்து மேசையில் வைக்க வேண்டும். அந்த நகல்கள் எத்தனை கணினிகளுக்குப் போகின்றன என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. பூட்ட வேண்டியதைத் திறந்து போட்டுவிட்டு, திறக்க வேண்டியதைப் பூட்டி வைத்திருக்கிறோம். என் தொழிலின் பெரிய கோளாறு இதுதான் என்று நினைக்கிறேன்.

டெல்டாவில் பூட்ட வேண்டியது எது என்பதற்குத் தனிக் கூர்மை உண்டு. கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் குடியேறிவிட்டவர்களின் நிலம் என்று இங்கே பலர் குத்தகைக்கு உழுகிறார்கள், பாதிக்கு வாய்ப்பேச்சுதான் பத்திரம். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் இருப்பதால், பெயர் பதிவானால் உரிமை வந்துவிடும் என்று நில உடைமையாளர் அஞ்சுகிறார். பெயர் வெளியே தெரிந்தால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காதோ என்று குத்தகைதாரர் அஞ்சுகிறார். பட்டாவை அடிப்படையாக வைத்துப் பதினோரு இலக்க விவசாயி அடையாள எண் கொடுக்கும்போது இவர்கள் விளிம்பில் நிற்கிறார்கள். சாகுபடி செய்பவர் பெயர் என்ற ஒரு கட்டம் ஒருவரின் பிழைப்பையே தொட்டுவிடும். அந்தக் கட்டத்தை என் தரவுத்தளத்தில் நான் வைப்பதில்லை. கணிப்புக்கு அது தேவையும் இல்லை.

2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. நல்லதுதான். ஆனால் அதே சட்டம் 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் தனிநபர் தகவல் விலக்கை விரித்துவிட்டது. சோதனை நடந்த புல எண்ணைக் கேட்டால், அது பட்டாதாரரைக் காட்டிக்கொடுக்கும் என்று சொல்லி மறுக்க இனி வழியிருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. அறுவடைக்கு முன் புல எண் ரகசியமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சதுரத்துக்கு மட்டும் தனிக் கவனிப்பு நடக்கும். அறுத்து முடிந்ததும் புல எண்ணும் எடையும் ஊருக்குச் சொந்தம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கொடுத்த பொன்னையும் நகைகளையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். எடையோடு நிற்கவில்லை. பொன்னை ஆடவல்லான் என்ற எடைக்கல்லாலும் நகைகளைத் தட்சிணமேருவிடங்கன் என்ற எடைக்கல்லாலும் நிறுத்ததாகச் சொல்கிறார்கள். நெல்லுக்கு ஆடவல்லான் என்ற மரக்கால். எண்ணோடு அளவுகோலும் சுவரில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசுக்கு நம் காலத்து நற்பண்புகளை ஏற்றிச் சொல்ல நான் தயாரில்லை. அளந்த கருவியையும் சேர்த்து எழுத வேண்டும் என்று அந்தக் கணக்கர்களுக்குத் தெரிந்திருந்தது, அதுபோதும்.

மேட்டூர் நீர்மட்டத்தைப் பாருங்கள். 120 அடியில் இன்று எத்தனை, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்பது தினமும் வெளியாகிறது. கும்பகோணம் டீக்கடையில் அதை வைத்து, தண்ணீர் என்று தங்கள் வாய்க்காலுக்கு வரும் என்று கணக்குப் போடுவார்கள். அந்த எண்ணைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள் உண்டு. நம்பாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

திருவையாறு பக்கத்தில் ஒரு பெரியவர் என் வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, மேலேருந்து பாத்தது எங்க வயலையா, வாய்க்கால் கரைத் தென்னையையா?" மிகச் சரியான கேள்வி. படத்தின் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டர் சதுரம். சிறிய வயல்களில் வரப்பும் தென்னையும் கலந்துவிடும். அப்படிக் கலந்த புள்ளிகளை நீக்கிவிட்டுத்தான் கணிக்கிறோம், நீக்கியவை எவை என்று காட்டினேன். இரண்டு இடங்களில் நாங்கள் தென்னை என்று ஒதுக்கியது வாழை என்று திருத்திக் கொடுத்தார்.

அன்று முதல், நான் பணியாற்றும் ஊர்களுக்கு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும்படி ஒரு தாள் தயாரிக்கிறேன். படங்களின் தேதிகள், நீக்கிய பகுதிகளின் வரைபடம், நான்கு சோதனைகளின் எடை, மாடலின் எண், இரண்டையும் கலந்த கணக்கு, ஆட்சேபிக்க வேண்டிய கடைசி நாள். ஒருவர் பெயரும் இருக்காது. இந்தச் சம்பாவுக்குப் பிழை எல்லையையும் அதில் போட, நான் வேலை செய்து கொடுக்கும் நிறுவனம் சம்மதித்துவிட்டது. மாடல் எந்த ஊர்களின் சோதனைகளால் பழக்கப்பட்டது என்ற வரி இன்னும் இழுபறியில் இருக்கிறது. அந்த வரி இல்லாத தாளில் கையெழுத்திட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.