மேட்டில் கொதிக்கும் ஜீப்

பழைய டீசல் ஜீப்பின் என்ஜினில் உள்ள சூட்டுக் கோளாறு சமவெளியில் பெரும்பாலும் வெளியே தெரியாது. சுமையோடு மலை ஏறும்போதுதான் தெரியும். தேனி மாவட்டத்தில் அப்படிக் காட்டிக்கொடுக்கும் மேடுகளில் மூன்று: போடிமெட்டு, கம்பம்மெட்டு, லோயர் கேம்பிலிருந்து குமுளி ஏற்றம். போடிநாயக்கனூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு சுமார் 1,400 மீட்டர். அடிவாரத்து முந்தலைத் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு இடுக்கிப் பக்கம் போகும் ஜீப்புகளில் பல, வயதான மகிந்திரா வண்டிகள். பெல்ட்டில் சுற்றும் பேன், பித்தளை ரேடியேட்டர், இரும்பு பிளாக். மின்னணு எச்சரிக்கை எதுவும் கிடையாது.

ஓட்டுநர்கள் இரண்டு விதமாகக் குறை சொல்கிறார்கள். ஒன்று "ஹீட் அடிக்குது". மற்றது "தண்ணி குடிக்குது". போடியில் பார்த்த பட்டறைகளில் விசாரணை இங்கிருந்துதான் தொடங்குகிறது. இரண்டும் வேறு வேறு நோய்கள். தண்ணீர் குறையாமல் சூடானால் சூடு வெளியேற வழி அடைபட்டிருக்கிறது. தண்ணீர் குறைந்தால் அது எங்கோ போகிறது. தரையில் சொட்டும் ஈரம் இல்லையென்றால் என்ஜினுக்குள்ளேயே போகலாம்.

அடுத்த கேள்வி, எப்போது சூடாகிறது என்பது. சந்தையில் நின்று நகரும்போது மட்டும் என்றால் பேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது பேனைச் சுற்றியுள்ள கூடு கழற்றி வீசப்பட்டிருக்கலாம். கூடு இல்லாவிட்டால் பேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் அக்கம்பக்கத்துக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். மேட்டில் மட்டும் என்றால் ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர் பம்ப், கீழ் ஓஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கீழ் ஓஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம். பழையதாகி மெத்தென்று ஆனால் என்ஜின் வேகம் கூடும்போது உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். வண்டி நின்றதும் பழையபடி விரிந்துவிடும். நின்ற வண்டியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க, இன்னொருவர் குனிந்து பார்க்க வேண்டும்.

ஓட்டும் விதமும் காரணமாகும். டீசல் மிச்சம் பிடிக்க வளைவில் மூன்றாம் கியரிலேயே இழுத்தால் என்ஜின் மெதுவாகச் சுற்றும்; பேனும் பம்பும் அதோடு மெதுவாகும். சுமையோ குறையவில்லை. செகண்ட் கியருக்கு இறங்கினால் சத்தம் கூடினாலும் சூடு குறையும்.

பலர் அலட்சியப்படுத்துவது ரேடியேட்டர் மூடியை. போடிமெட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி பிடித்துவைக்கும் ஒவ்வொரு பவுண்டு அழுத்தமும் கொதிநிலையைச் சுமார் ஒன்றரை டிகிரி உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் வெடித்து ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அந்தக் காப்பு முழுதும் போய்விடும். என்ஜினில் கை வைக்கும் முன் மூடியை மாற்றிப் பார்ப்பதே முறை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இந்த வட்டாரத்தில் மட்டுமல்ல, எங்கும் உள்ள பழக்கம். அது தவறு. சில என்ஜின்களில் அது இல்லாதபோது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாகவே திரும்பிவிடும். மற்றவற்றில் என்ஜின் தேவையான சூட்டுக்கே வராமல் தேயும். சந்தேகமென்றால் வெந்நீரில் போட்டு, அதில் பொறித்துள்ள டிகிரியில் திறக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ரேடியேட்டர் வேலை தனித் தொழில். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டரின் மேல்தொட்டியைப் பிரித்தால் குழாய்களின் வாயில் வெள்ளைச் சுண்ணாம்பு உறைந்திருக்கிறது. கைவைத்தே அடைப்பைச் சொல்கிறார்கள்: சூடான ரேடியேட்டரில் எங்கு கை குளிர்ச்சியாக உணர்கிறதோ அங்கு தண்ணீர் ஓடவில்லை. தொட்டியின் பற்றவைப்பைத் தீயில் இளக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய தகட்டுக் கம்பியை நுழைத்துத் தள்ளிச் சுத்தம் செய்கிறார்கள். கை சற்றுத் தவறினாலும் குழாய் கிழியும். பிறகு மறுபடி ஈயப்பற்று வைத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றை ஏற்றுகிறார்கள். குமிழி வந்தால் அந்த இடத்தில் மீண்டும் பற்றவைப்பு. அலுமினிய, பிளாஸ்டிக் ரேடியேட்டர்கள் வந்தபின் இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் குறைகிறார்கள். இவர்கள் ஈயத்தோடு புழங்குகிறவர்கள். ஈயத் தூசும் புகையும் உடம்பில் சேர்ந்தால் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். புகையை வெளியே இழுக்கும் பேனும், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ இடமும் இந்தக் கடைகளுக்குக் கட்டாயம் வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் தண்ணீர் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். அது போயிருந்தால், காலையில் குளிர்ந்த என்ஜினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்யும்போது ரேடியேட்டர் வாயில் குமிழிகள் விடாமல் வரும். ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து முகம் சமன்செய்து, சொன்ன வரிசையில், சொன்ன இறுக்கத்தில் போல்ட்டுகளை முறுக்க வேண்டும்.

ஹீட் மீட்டரை மட்டும் நம்புவது ஆபத்து. தண்ணீர் முழுக்க வற்றினால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும். என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கிக் காட்டலாம்.

பழுது தீர்ந்ததா என்று தேனி பைபாஸில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. மணல் மூட்டைகளை ஏற்றி முந்தலிலிருந்து போடிமெட்டு வரை ஒருமுறை ஏறி, மேலே சேர்ந்ததும் என்ஜினை உடனே அணைக்காமல் சில நிமிடம் ஓடவிட்டு, தண்ணீர் மட்டத்தை மறுநாள் காலை குளிர்ந்தபின் பார்க்க வேண்டும். சூடான மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். ஜீப் வைத்திருப்பவர்கள் அந்தச் சோதனை ஓட்டத்தை ஆட்கள் இல்லாமல் செய்யட்டும். அதில் தேறிய பிறகே தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றட்டும்.