குளத்து வெள்ளமும் ஒரு சின்னக் குமிழும்



சனிக்கிழமை பின்னேரங்களில் கணினி அறையில் பிள்ளைகள் "பாட்டுப் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள்" என்று ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒரு கதை வந்தது. நல்ல மனதோடுதான் கேட்டிருக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சை கிட்ட வரும்போது எந்த வாப்பாவும் உம்மாவும் கேட்கத்தான் செய்வார்கள். அங்கே நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். பதிவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை பிள்ளைகள் எழுதிய நாடகம் கந்தளாய்க் குளம் உடைந்ததைப் பற்றியது. 1986 ஏப்ரல் 20, விடியப்புறம். நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன இரவு. மேடையில் தண்ணீரைக் காட்ட முடியாது, சத்தத்தால்தான் காட்ட வேண்டும். முதலில் இணையத்திலிருந்து ஒரு வெள்ளச் சத்தத்தை இறக்கினோம். ஒத்திகை பார்க்க வந்த ஒரு மூத்தம்மா, அந்த இரவைக் கண்டவர், கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "இது கடல் சத்தம் மகன். அண்டைக்கி முதல்ல தூரத்துல லொறி வாற மாதிரி ஒரு உறுமல். பொறகுதான் சீறிக்கிட்டு வந்திச்சி."

அதன்பிறகு அந்த இறக்கிய சத்தத்தைப் போட எங்களுக்கு மனம் வரவில்லை. தூரத்து உறுமலில் தொடங்கி, 40 செக்கனில் சீறலாக மாறும் ஒரு சத்தம் வேண்டும். அதைப் பிள்ளைகளே செய்யட்டும் என்று முடிவெடுத்தோம்.

பாவிப்பது இலவச மென்பொருள்கள்தான். ஒலிப்பதிவுக்கு வேவ்ஃபோம் ஃப்ரீ, சத்தம் உண்டாக்க சேர்ஜ் எக்ஸ்டி என்ற சிந்தசைசர். கணினிக்குள்ளேயே இருக்கும் வாத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 'வெள்ளை இரைச்சல்' என்று ஒன்று உண்டு. அலைவரிசை பிடிபடாத ரேடியோவின் இரைச்சல் மாதிரி, எல்லா அதிர்வெண்களும் கலந்து கிடக்கும். அதன் வாயில் ஒரு வடிகட்டியை வைத்தால், அதை மூடும்போது அடிக்குரல் உறுமல் மட்டும் கசியும். திறக்கத் திறக்க மேலே உள்ள சீறல் வெளியே வரும். வயல்காரர் ஊரில் இதை விளக்குவது சுகம். இரைச்சல் குளம், வடிகட்டி துருசு. துருசைத் திறக்கிறவரின் கைதான் மிடி.

மிடி என்பதைப் பலர் சத்தம் என்று நினைக்கிறார்கள். அதில் சத்தமே இல்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக, எந்தக் குமிழ் எவ்வளவு திருப்பப்பட்டது என்ற எண்கள் மட்டும்தான். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ஓர் இசைக்கருவிக் கண்காட்சியில் டேவ் ஸ்மித்தின் சீக்குவென்ஷியல் கம்பனிக் கருவியும் இக்குதாரோ காகெஹாஷியின் ரோலண்ட் கம்பனிக் கருவியும் ஒரு வயரால் பேசிக்கொண்டன. போட்டிக் கம்பனிகள் ஒரே பாஷைக்கு உடன்பட்டதால்தான், 40 வருடம் கழித்தும் எந்தப் பெட்டியும் எந்தக் கணினியோடும் கதைக்கிறது. அதற்காக அவர்கள் இருவருக்கும் 2013இல் கிராமி விருது கொடுத்தார்கள்.

எங்களிடம் இருப்பது பழைய மாணவர் ஒருவர் கட்டாரிலிருந்து கொண்டுவந்து தந்த சின்னப் பெட்டி. 25 கட்டை, எட்டுக் குமிழ். திரையில் வடிகட்டியின் மேல் வலது சொடுக்கு, மிடி கற்றுக்கொள் என்று கொடுத்து ஒரு குமிழைத் திருப்பினால் போதும், இரண்டும் பிணைந்துவிடும். வடிகட்டியைத் திறந்து மூட வழக்கமாக ஒதுக்கப்பட்ட எண் 74. குமிழின் மதிப்பு 0 முதல் 127 வரை. ஏன் 127 என்று ஒரு பிள்ளை கேட்டான். ஏழு பிட், இரண்டின் ஏழாம் அடுக்கு 128, பூச்சியத்திலிருந்து எண்ணினால் 127. பாடப்புத்தகத்தில் தூங்கிக்கிடந்த இரும எண்கள் அன்றைக்குக் குமிழில் ஏறி உட்கார்ந்தன. ஒவ்வொரு முறை அதிர்வெண் இரட்டிக்கும்போதும் காதுக்கு ஒரே அளவு படி ஏறியதாகத்தான் தோன்றும் என்பதையும் குமிழைத் திருப்பித் திருப்பித்தான் பிடித்தார்கள். பரீட்சை பற்றிக் கவலைப்பட்ட பெற்றாருக்கு இது எங்கள் பதில்.

முதலில் மவுஸால் ஒரு நேர்கோடு கீறினார்கள். 40 செக்கனில் 5இலிருந்து 120க்கு. கேட்டால் கேத்தல் கொதிக்கிற மாதிரி இருந்தது. பிறகு பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கையால் திருப்பிப் பதிந்தாள். அவள் கை நேராகப் போகவில்லை. கொஞ்சம் ஏறித் தயங்கும், பின்வாங்கும், திடீரென்று பாயும். 11 தடவை பதிந்தோம். எட்டாவது பதிவில் 70க்குக் கிட்ட ஒரு நொடி நின்று, திரும்பிப் போவதுபோல் இறங்கி, பிறகு ஒரேயடியாகத் திறந்தது. அறையில் யாரும் கதைக்கவில்லை. அதைத்தான் வைத்துக்கொண்டோம்.

பதிந்தது எண்கள்தானே, ஒரு புள்ளியை இழுத்துத் திருத்தலாம். ஆனால் அவளின் தயக்கத்தை யாரும் திருத்த விடவில்லை. ஒத்ததிர்வுக்கு 71ஆம் எண்ணையும் பிணைத்துப் பார்த்தோம். சத்தம் விசிலடிக்கத் தொடங்கியது, விட்டுவிட்டோம். மெதுவாகத் திருப்பும்போது 128 படியும் படிக்கட்டுப் போலக் கேட்கும் கருவிகளும் உண்டு. நல்ல மென்பொருள் அதை இழைத்துவிடும். 2020இல் வந்த மிடி 2.0இல் அந்தப் படிகள் 400 கோடிக்கு மேல்.

சுரத்தை வளைப்பதற்கு மட்டும் 1983இலேயே 16,384 படி கொடுத்தார்கள், காது அங்கேதான் பிழையைச் சட்டென்று பிடிக்கும். ஆதிகோணநாயகர் கோயில் திருவிழாவுக்கு நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த தம்பலகாமத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த வாத்தியத்தின் உயிர் இரண்டு சுரத்துக்கு நடுவில்தான் இருக்கிறது. ஏ.ஆர். ரஹ்மான் 'டெல்லி-6' (2009) படத்தின் 'ரெஹ்னா தூ' பாட்டில், கட்டையே இல்லாத கொன்டினியூம் பலகையில் விரலை வழுக்கி வாசித்தது அந்த நடுவைப் பிடிக்கத்தான். எங்கள் பெட்டியில் அதெல்லாம் நடக்காது, சின்னச் சில்லு ஒன்றுதான் உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். இசைக்கருவி கூடாது என்று எண்ணும் வீடுகள் எங்கள் ஊரில் உண்டு. அந்த எண்ணத்தோடு வாதிட எங்களுக்கு விருப்பமில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளை முதலிலேயே கேட்டு, வெள்ளம், காற்று, தவளைச் சத்தம் என்று இந்தப் பக்கத்தைத்தான் ஒப்படைத்தோம். ராகமோ தாளமோ அதில் இல்லை. குமிழைத் திருப்பிய பிள்ளையும் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளைதான். அவளுடைய வாப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். "எங்கட உம்மா சொன்ன மாதிரியே இரிக்கி" என்று மட்டும் சொன்னார்.

மூத்தம்மாவுக்கு இன்னும் போட்டுக்காட்டவில்லை. வருகிற சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வருகிறோம். அவர் பிழை என்றால் திரும்பவும் பதிவோம்.

உங்கள் வீட்டில் பாவிக்காத பழைய கீபோட் கிடந்தால் பின்பக்கம் பாருங்கள். ஐந்து ஓட்டையுள்ள வட்டச் செருகியோ யூஎஸ்பி வாயோ இருந்தால் அது எங்களுக்கு வேலைக்காகும், சத்தம் வராவிட்டாலும் பரவாயில்லை. 86 வெள்ளத்தைக் கண்ட பெரியவர்கள் முள்ளிப்பொத்தானைப் பக்கமோ கிண்ணியாப் பக்கமோ இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். பிள்ளைகளே வந்து கேட்டு எழுதிக்கொள்வார்கள்.