பைய வரட்டும்

பிரஜ்னேஷ் குணேஸ்வரன்னு ஒருத்தரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? இந்தக் கட்டுரைக்காக நம்ம ஹாஸ்டல்ல பத்துப் பேர்கிட்ட கேட்டேன். ரெண்டு பேர் 'தெரியும்'னாங்க. அதுல ஒருத்தன், "செஸ் ஆடுவாரே, அவர்தானே?" என்றான். ஆக, ஒரே ஒருத்தன்!

அவன் சொன்னவர் பிரக்ஞானந்தா. நான் சொல்றவர் டென்னிஸ். சென்னைக்காரர், 1989-ல் பிறந்தவர், இடது கை ஆட்டக்காரர். 2019 ஏப்ரல்ல உலக ஒற்றையர் ரேங்கிங்கில் 75-ஆவது இடம் வரைக்கும் போனவர். இதைக் கேட்டு, "75-ஆ? அவ்வளவுதானா?"ன்னு நீங்க நினைச்சா தப்பில்லை. நானும் அப்படித்தான் நினைச்சிருப்பேன், என் வலது கால் முன்னெலும்பு விரிசல் விடாமல் இருந்திருந்தால்.

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். ஊர் தென்காசி. கல்லூரிக்காக 1500 மீட்டர் ஓடுவேன். போன மார்ச்ல முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவுல ஒரு இடம் வலிக்க ஆரம்பிச்சது. ஒரு விரலால தொட்டுக் காட்டலாம், அவ்வளவு துல்லியமா ஒரே இடம். முதல்ல ஓடும்போது மட்டும் வலி, அப்புறம் படி இறங்கும்போது, அப்புறம் சும்மா படுத்திருக்கும்போதும். எக்ஸ்ரே எடுத்தா ஒன்னுமே தெரியலை. மே மாசம் எம்.ஆர்.ஐ. எடுத்தப்பதான் டாக்டர் சொன்னார்: ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். இந்த விரிசல் ஆரம்ப வாரங்கள்ல எக்ஸ்ரேயில சிக்காம போறது சகஜமாம். எட்டு வாரம் ஓடக்கூடாது. அதுக்கப்புறம் பார்க்கலாம்.

அந்த 'பார்க்கலாம்'தான் என்னைப் படுத்தி எடுத்தது.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வந்தா, அங்க குற்றால சீசன். உங்களுக்கு எங்க ஊரைப் பத்திச் சொல்லணும். ஏப்ரல், மே மாசத்துல மெயின் அருவிக்குப் போனீங்கன்னா வெறும் பாறைதான் நிக்கும். வெளியூர்க்காரங்க, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?"னு முகத்தைச் சுளிப்பாங்க. ஜூன்ல மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடிச்சதும், இந்தப் பக்கம் காத்து மாறும், சாரல் அடிக்கும், ஒருநாள் காலையில பாறை முழுக்கத் தண்ணி. ஊரே "சீசன் வந்தாச்சு"ன்னு கிளம்பும். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம்னு ஒரு சுத்து, திரும்புற வழியில பிரானூர் பார்டர்ல புரோட்டா. அதுவரைக்கும் எங்கே போயிருந்தேன்னு அருவியை யாரும் கேட்கிறதில்லை.

ஆனா என்னை எல்லாரும் கேட்டாங்க. "என்னடே, இப்ப ஓடலியா? விட்டுட்டியா?" பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தர் தினமும் கேட்பார். ஆச்சி கையில வேற வைத்தியம் இருந்தது. "ஏலே, அருவித் தண்ணியில நாலு நாள் கால நீட்டிட்டு இரு. எல்லாம் சரியாப் போயிரும். ஆஸ்பத்திரிக்கெல்லாம் எதுக்கு ரூவாயக் கொண்டு கொட்டுதீங்க?"

நான் கால நீட்டிட்டு இருந்தது கட்டில்லதான், கையில போனோட. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வந்து திரும்பி வந்த விளையாட்டு வீரர்கள் யார் யார்னு தேடினப்ப கிடைச்ச பேர்தான் பிரஜ்னேஷ்.

அவருக்கு முழங்கால்ல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். எனக்கு எட்டு வாரம். அவருக்குக் கிட்டத்தட்ட ஐந்து வருஷ ஆட்டம் அதிலேயே போச்சு. டென்னிஸ்ல அதுக்கு என்ன அர்த்தம்னு கொஞ்சம் விளக்குறேன். ரேங்கிங் என்பது கடைசி 52 வாரத்துப் புள்ளிகளோட கணக்கு. ஒவ்வொரு வாரமும் போன வருஷம் அதே வாரத்துல எடுத்த புள்ளி கழிஞ்சுகிட்டே வரும். ஒரு வருஷம் ஆடலைன்னா கணக்கு பூஜ்யம். பூஜ்யம்னா பெரிய போட்டிகளுக்கு உள்ளேயே விட மாட்டாங்க. சின்னப் போட்டிகள்ல அடியிலிருந்து ஆரம்பிக்கணும். காயத்தால ஆறு மாசத்துக்கு மேல வெளியே இருந்தவங்களுக்கு 'புரொடெக்டட் ரேங்கிங்'னு ஒரு சலுகை உண்டு. நமக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட் குடுத்து அட்டெண்டன்ஸ் கண்டொனேஷன் வாங்குற மாதிரி. விலகின முதல் மூணு மாசத்துச் சராசரி ரேங்க்கை வெச்சுச் சில போட்டிகளுக்குள்ள நுழையலாம். ஆனா மேல ஏறுறதுக்கு முன்னாடியே காயம்பட்டவனுக்கு இதுல என்ன கிடைக்கும்? பாதுகாக்கிறதுக்கு முதல்ல ஒரு ரேங்க் இருக்கணுமே.

2018 தொடங்கும்போது பிரஜ்னேஷ் 200-க்கு வெளியே. வயசு 28. நிறைய பேர் 'இனிமே என்ன'ன்னு கோச்சிங்குக்குப் போற வயசு. அந்த ஏப்ரல்ல சீனாவோட டியான்ஜின்ல டேவிஸ் கோப்பை. முதல் நாள் ரெண்டு ஒற்றையரும் தோத்து இந்தியா 0-2. அடுத்த நாள் பயஸ், போபண்ணா இரட்டையர்ல ஜெயிச்சாங்க, நம்ம ராம்குமார் ராமநாதன் ஒன்னு ஜெயிச்சார், 2-2. கடைசி ஆட்டத்துக்கு இறக்கினது பிரஜ்னேஷை. எதிரே வூ யிபிங், முந்தின வருஷம் ஜூனியர் யு.எஸ். ஓபன் ஜெயிச்ச பையன். 6-4, 6-2. இந்தியா 3-2.

அடுத்த மாசமே ஒரு அடி. பிரெஞ்சு ஓபன் தகுதிச் சுற்றோட கடைசி ஆட்டத்துல தோத்துட்டார். மெயின் டிராவிலிருந்து யாராவது விலகினா, தகுதிச் சுற்றில் தோத்தவங்களைக் கூப்பிடுவாங்க. அதுக்கு 'லக்கி லூசர்'னு பேரு. தனக்கு வாய்ப்பு வராதுன்னு நினைச்சு அவர் இத்தாலியில விசென்சான்னு ஒரு ஊர்ல நடந்த சின்னப் போட்டிக்குப் போயிட்டார். அந்த வருஷம் பார்த்து விலகல் மேல விலகல். அவர் முறை வந்தப்ப அவர் பாரிஸ்ல இல்லை. அந்த இடம் மார்கோ ட்ருங்கெல்லிட்டிங்கிற அர்ஜென்டினாக்காரருக்குப் போச்சு. அவர் பார்சிலோனாவிலிருந்து பாட்டியையும் கார்ல ஏத்திக்கிட்டு ராத்திரி பாரிஸ் வந்து சேர்ந்து, முதல் சுற்றுல ஜெயிச்சும் காட்டினார். உலகமே அந்தக் காரையும் பாட்டியையும் கொண்டாடுச்சு. முதல் சுற்றுல தோத்தாலே 40,000 யூரோ கிடைச்சிருக்கும். ஐந்து வருஷம் முழங்காலுக்காகக் காத்திருந்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும்?

அப்புறம் அவர் செஞ்சதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. விசேஷமா ஒன்னுமே செய்யலை, அடுத்த வாரம் அடுத்த போட்டிக்குப் போனார். ஜூன்ல ஸ்டுட்கார்ட் புல்தரையில, அப்போ உலகின் முதல் 25 பேருக்குள்ள இருந்த ஷபோவலோவை வீழ்த்தினார். ஆகஸ்ட்ல ஆசிய விளையாட்டுல ஒற்றையர் வெண்கலம். 2019 ஜனவரியில தகுதிச் சுற்று வழியாகவே ஆஸ்திரேலிய ஓபன் மெயின் டிரா. அந்த வருஷம் நாலு கிராண்ட் ஸ்லாம்லயும் ஆடினார். எதிரே வந்தவங்களைப் பாருங்க: ஆஸ்திரேலியாவில் டியாஃபோ, விம்பிள்டனில் ராவ்னிச், யு.எஸ். ஓபனில் மெத்வதேவ். நாலுலயும் முதல் சுற்றோட வெளியே. கிராண்ட் ஸ்லாம் மெயின் டிராவில் அவர் கடைசிவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கலை. 2024 நவம்பர்ல ஓய்வு அறிவிச்சார்.

இதைப் படிச்சதும் எனக்கு ஏமாற்றமா இருந்தது. கட்டில்ல கிடக்கிறவன் தேடுறது வேற கதை. விழுந்தான், எழுந்தான், கோப்பையைத் தூக்கினான், அதானே? அதுக்கு டெல் போட்ரோ இருக்கார்னு தோணும். மணிக்கட்டு அறுவை சிகிச்சைகளுக்கு அப்புறம் 1000-த்துக்குக் கீழே போன ரேங்க்கோட 2016-ல் வந்து, ரியோ ஒலிம்பிக்ஸ்ல ஜோகோவிச்சையும் நடாலையும் தோற்கடிச்சு வெள்ளி வாங்கினார். ஆனா 2018-ல் முழங்கால் சில்லு உடைஞ்சது, 2019-ல் மறுபடியும் உடைஞ்சது. அறுவை சிகிச்சை மேல அறுவை சிகிச்சை. அதுக்கப்புறம் 2022-ல் அழுதுகிட்டே சொந்த நாட்டுல ஆடினதுதான் கடைசிப் போட்டி. டெல்லிக்காரர் யூகி பாம்ப்ரி இன்னொரு மாதிரி. ஜூனியர்ல உலக நம்பர் 1, ஒற்றையர்ல 83 வரைக்கும் வந்தவர். முழங்கால் ரெண்டு வருஷத்துக்கு மேல உட்கார வெச்சிருச்சு. திரும்பி வந்தவர் கொஞ்ச நாள்ல இரட்டையருக்கு மாறினார். 2025 யு.எஸ். ஓபன் இரட்டையர்ல அரையிறுதி வரைக்கும் போனார்.

மூணு பேருமே திரும்பி வந்தாங்க. மூணு பேரும் வந்து சேர்ந்த இடம் வேற வேற. கிளம்பின இடத்துக்கே யாரும் வரலை.

இங்கதான் நம்ம பாடம் உதவிச்சு. டிசைன் பேப்பர்ல ஃபெட்டீக் படிச்சிருப்பீங்க. ஒரே தடவை குடுத்தா தாங்கக்கூடிய சுமையை லட்சம் தடவை திருப்பித் திருப்பிக் குடுத்தா இரும்பும் விரிசல் விடும். 19-ஆம் நூற்றாண்டுல ரயில் அச்சுகள் ஏன் உடையுதுன்னு பார்க்கப் போய் வோலர் போட்ட கணக்குதான் எஸ்-என் கர்வ். கிட்டத்தட்ட அதே காலம், 1855-ல், பிரைட்ஹாப்ட்ங்கிற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நடந்து நடந்தே சிப்பாய்களோட பாதம் வீங்கி வலிக்கிறதை எழுதி வெச்சார். அதுதான் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். அச்சுக்கும் எலும்புக்கும் ஒரே கணக்கு, ஒரே ஒரு வித்தியாசம்: இரும்பு தன்னைத்தானே சரிபண்ணிக்காது, எலும்பு பண்ணிக்கும். பழுதான பகுதியைச் சில செல்கள் அரிச்சு எடுக்கும், வேற செல்கள் புதுசா கட்டும். எடுக்கிற வேலை வாரக் கணக்கு, கட்டுற வேலை மாதக் கணக்கு. நடுவுல இருக்கிற அந்த இடைவெளியில எலும்பு முன்னைவிடப் பலவீனமா இருக்கும். 'வலி போயிருச்சே'ன்னு ஓடுறவன் அங்கதான் மாட்டுறான். ஓய்வுங்கிறது சும்மா கிடக்கிறதில்லை, கட்டட வேலை நடக்குது, ஆள் நடமாட்டம் கூடாது, அவ்வளவுதான்.

ஆச்சிகிட்ட இதைச் சொன்னேன். அவங்களுக்கு எஸ்-என் கர்வ் வேண்டியிருக்கலை. "நம்ம கோயில் கோபுரம் மாதிரின்னு சொல்லு" என்றாங்க. தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலைப் பார்த்தவங்களுக்கு அந்த ஒன்பது நிலை ராஜகோபுரம் தெரியும். ஆச்சி சின்னப் பிள்ளையா இருந்தப்ப அது கிடையாது. பழைய கோபுரம் சிதைஞ்சு, ரொம்ப காலம் மொட்டையாத்தான் நின்னுச்சு. இப்ப இருக்கிறதுக்குக் கும்பாபிஷேகம் 1990-ல். அதைவிட ஆச்சரியம் கோயில் கல்வெட்டுல இருக்கு. 15-ஆம் நூற்றாண்டுல கோயிலைக் கட்டின பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதுக்கு ஏதாவது பழுது வந்தா அதைச் சரிசெஞ்சு காப்பாத்துறவங்களை நான் வணங்குறேன்னு பாட்டாவே எழுதி வெச்சிருக்கான். கட்டும்போதே, இது பழுதாகும்னு ஒத்துக்கிட்ட ராஜா! நல்ல டிசைன் இன்ஜினியர்.

எட்டு வாரம் முடிஞ்சு டாக்டர் சொன்ன அட்டவணை இது: ஒரு நிமிஷம் ஓடு, நாலு நிமிஷம் நட. இதையே ஆறு தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் நாள் சாரல்ல குற்றாலம் ரோட்டுல ஓடினப்ப, சோப்பும் துண்டுமா குளிக்கப் போன மாமாக்களெல்லாம் என்னை முந்திப் போனாங்க. 1500 மீட்டரை நாலேகால் நிமிஷத்துல முடிச்சவனுக்கு அது எப்படி இருக்கும்னு ஓடுறவங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அண்ணன் பைக்கை நிறுத்தி, "என்னடே, இதுக்குப் பேரு ஓட்டமா?" என்றார். "ஆமாண்ணே, இன்னைக்கு இதான்" என்றேன். சொல்லி முடிச்சதும் எனக்கே கொஞ்சம் லேசா இருந்தது.

இப்ப தொடர்ந்து இருபது நிமிஷம் ஓட முடியுது. இந்த வருஷம் ஜோனல்ல ஓடுவேனான்னு டீம்ல கேட்கிறாங்க. தெரியலை. பழைய டைமிங் திரும்ப வருமாங்கிறதும் தெரியலை. வராமலும் போகலாம். அதைச் சொல்லிப் பார்த்துட்டேன், உலகம் இடியலை.

ஏ.சி.எல். கிழிஞ்சவங்க, தோள்பட்டை நழுவினவங்க, அரியர் வெச்சு ஒரு வருஷம் பின்னாடி நிக்கிறவங்க இதைப் படிச்சுக்கிட்டு இருக்கலாம். உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு வயசு பத்தாது. உங்க கட்டில் பக்கத்துல வந்து நிக்கிற மத்தவங்களுக்குத்தான் ஒரு வேண்டுகோள்: "எப்ப திரும்பி வருவே?"ன்னு மட்டும் தினமும் கேட்காதீங்க. இன்னைக்கு எவ்வளவு முடிஞ்சுதுன்னு கேளுங்க. அதுக்குப் பதில் இருக்கும். "ஆறு நிமிஷம்"னு சொல்வாங்க. நாளைக்கு ஏழுன்னு சொல்லலாம், இல்லை அஞ்சுன்னும் சொல்லலாம். எங்க ஊர்ல 'மெதுவா'ன்னு சொல்ல மாட்டோம், 'பைய'ன்னுதான் சொல்வோம்.

பைய வரட்டும்.