நண்பனா, கம்பியா?

முதலாண்டு இயற்பியல் லேபில் சோனாமீட்டர் பண்ணினோமே, ஞாபகம் இருக்கா? எனக்கு அது பேஸ் கிடாரில் கைகொடுத்தது.

எங்கள் குழுவில் பாடும் நண்பனுக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை. "வேற ஆளைப் போடுங்கடா" என்றார்கள் சிலர். சுருதியை இறக்கலாமே என்றேன் நான்.

ஈ கம்பியை டீ-க்கு இறக்கினால் 41.2 ஹெர்ட்ஸ் 36.7 ஆகிவிடும். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக, சுமார் 20 சதவீதம் போச்சு! கம்பி தொளதொளத்து ஃப்ரெட்டில் மோதிக் கரகரக்கும். பழைய இறுக்கம் வேணும்னா, அதிர்வெண் குறைந்த விகிதத்துக்குத் தடிமன் கூடணும்: 0.105 அங்குலத்துக்குப் பதில் ஏறத்தாழ 0.118. கடையில் 0.120 கிடைத்தது. அது உட்காரும்படி நட் பள்ளத்தை ஊசி அரத்தால் லேசாக ராவினேன். மற்ற கம்பிகளுக்கும் இதே கணக்குதான்.

ஆண்டு விழாவில் அவனே பாடினான். குரலுக்கேற்ற கம்பி கடையில் கிடைக்கும். கம்பிக்கேற்ற நண்பன் கிடைப்பானா, நீங்களே சொல்லுங்க!