மாடிக் கடையில் ஒரு பிற்பகல்

வாஷிங்டன் மாநகருக்குச் செல்வோர் வெள்ளை மாளிகையையும் லிங்கன் நினைவாலயத்தையும் கண்டு திரும்புவது வழக்கம். நானும் அவற்றைக் கண்டேன். எனினும், அந்நகரை நினைக்குந்தோறும் என் மனக்கண் முன் தோன்றுவது ஒரு மாடிக் கடையும் அங்கிருந்த பழைய இசைத்தட்டுக்களுமே.

சென்ற ஆண்டு விடுமுறையின்போது, அந்நகரையடுத்த சில்வர் ஸ்பிறிங்கில் வாழும் தமக்கையார் வீட்டில் தங்கியிருந்தேன். அவர் மகனுக்கு வயது பத்தொன்பது. ‘ஹார்ட்கோர் பங்க்’ என்னும் இசையின் பழைய தட்டுக்களைத் தேடிச் சேர்ப்பதில் அவனுக்குப் பெரும் பித்து. ஒரு நாட் காலை அவ்விசையைக் கேட்டேன். இடியும் சண்டையும் ஒருங்கே நிகழ்ந்தாற் போன்றிருந்த அது ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. முடிந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும், “கடைக்கு நீங்களும் வாங்கோ மாமா” என்று அவன் அழைத்தபோது மறுக்க மனம் வரவில்லை.

வுட்லி பார்க் நிலையத்தில் இறங்கி, ரொக் கிறீக் பள்ளத்தாக்கின் மேலுள்ள பாலத்தைக் கடந்தோம். 1899இல் இந்நகரிற் பிறந்த இசைமேதை டியூக் எலிங்டனின் பெயரை அப்பாலம் 1974 முதல் தாங்கி நிற்கின்றது. அப்பால் உள்ள பகுதி ஆடம்ஸ் மோர்கன். வெள்ளையர் பிள்ளைகள் பயின்ற ஆடம்ஸ் பாடசாலை, கறுப்பினத்தவர் பிள்ளைகள் பயின்ற மோர்கன் பாடசாலை என்னும் இரண்டின் பெயரும், பாடசாலைகளில் இனப் பாகுபாடு 1954இல் நீதிமன்றத் தீர்ப்பால் நீக்கப்பட்ட பின்னர் இவ்வாறு ஒன்றாயின. ஆசிரியனான எனக்கு இச்செய்தி இனித்தது.

ஒடுங்கிய படிகளில் ஏறியதும் பழைய அட்டைகளின் வாசனை எதிர்கொண்டது. பெட்டிகளில் தட்டுக்கள் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றன்மேலொன்றாகக் கிடத்தினாற் பாரத்தாற் கெட்டுவிடுமாம். வந்திருந்தோர் எவரும் பேசவில்லை. அரிசியிற் கல் பொறுக்கும் பெண்களின் கவனத்தோடு அட்டைகளைப் புரட்டிக்கொண்டு நின்றனர்.

மருமகன் தேடுபவை பெரும்பாலும் ‘டிஸ்கோர்ட்’ என்னும் சிறு நிறுவனத்தின் வெளியீடுகள். அதன் வரலாற்றைக் கேட்ட பின்னரே அவனுடைய பித்து எனக்கு ஓரளவு விளங்கிற்று. ‘டீன் ஐடில்ஸ்’ என்று பெயரிட்டு இந்நகரத்து இளைஞர் நால்வர் ஒரு குழு நடத்தினர். 1980 இறுதியில் குழு கலைந்தது. கச்சேரிகளிற் கிடைத்த பணத்தை அவர்கள் பங்கிட்டுக்கொள்ளவில்லை. அதனைக் கொண்டு, தம் எட்டுப் பாடல்களைச் சிறு தட்டாக ஆயிரம் பிரதிகள் அடிப்பித்தனர். உறைக்கு என்ன செய்வது? வேறொரு தட்டின் உறையைப் பிரித்துப் பார்த்து, அதே வடிவில் அச்சிட்ட தாள்களைக் கத்தரிக்கோலும் பசையும் கொண்டு தாமே வெட்டி, மடித்து, ஒட்டினர்.

அவ்வுறையிற் காண்பவை இரு கைகள். புறங்கைகளிற் பெருக்கற் குறி போன்ற கறுத்த அடையாளம். வயது நிரம்பாதவருக்கு மது கொடுக்கலாகாது என்பதற்காகச் சான் பிரான்சிஸ்கோ நகரின் ஓர் அரங்கில் இட்ட குறி அது. அவ்விளைஞர் அதனையே தம் பெருமைச் சின்னமாக்கிக்கொண்டனர். அக்குழுவிலிருந்த இயன் மக்கே அடுத்து அமைத்த ‘மைனர் த்ரெட்’ குழு, குடியும் புகையும் போதையும் வேண்டாம் என்று 1981இற் பாடிற்று. காதைப் பிளக்கும் அவ்வோசைக்குள் நம் பெரியோர் சொல்லிய ஒழுக்கம் ஒளிந்திருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

காசாளரின் தலைக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துள் அக்காலத்துச் சிறு தட்டு ஒன்று தொங்கிற்று. விலை பல நூறு டொலர். எல்லோரும் வாங்கவேண்டுமென்று மலிவாக விற்கப்பட்ட பொருளுக்கு இப்படியொரு விதி! மருமகன் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பெட்டிகளுக்கே திரும்பினான்.

ஒரு மணி நேரத்தின் பின் அவன் முகம் மலர்ந்தது. அந்நிறுவனத்தின் நான்கு பழைய சிறு தட்டுக்களை ஒரே பெருந்தட்டாக்கி 1984இல் வெளியிட்ட தொகுப்பு அவன் கையில் இருந்தது. தட்டை உருவி விளக்கொளியிற் சாய்த்துக் கீறல் தேடினான். கடைசிப் பள்ளத்துக்கும் நடு முத்திரைக்கும் இடையில் ஊசியாற் கீறிய சிற்றெழுத்துக்களை வாசித்தான். எந்தப் பதிப்பு என்பதை அவ்வெழுத்துக்கள் காட்டுமாம்.

பின்னட்டையைத் திருப்பியவன் சற்றே வாடினான்.

“இதில ஆரோ பேர் எழுதியிருக்கினம் மாமா.”

நீல மையில் ஒரு பெண்ணின் பெயர்; கீழே 1985. கடைக்காரர் பார்த்துவிட்டு, எழுத்து ஒரு குறையே என்று ஐந்து டொலரைக் கழித்தார்.

நான் அவ்வட்டையை வாங்கி நெடுநேரம் பார்த்தேன். என் தந்தையாரும் தம் தட்டுக்களின் உறைகளில் இப்படித்தான் பெயரும் திகதியும் எழுதுவார். இராஜரத்தினம்பிள்ளையின் தோடியை எங்களிற் பிறர் தொட அவர் விட்டதேயில்லை. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறுகையில், அவர் அத்தகரப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் கீழே வைத்தார். பின்பு நாங்கள் திரும்பியபோது வீடு இருந்தது, பெட்டி இல்லை.

இதனை மருமகனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. காசாளரிடம் சென்று, கழித்த ஐந்து டொலரையும் சேர்த்துக் கொடுத்தான். கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குங்கூடச் சற்றுப் பின்னரே விளங்கிற்று.

திரும்பும் புகைவண்டியில் தட்டை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி, “அம்மப்பாட்ட என்னென்ன பிளேட் இருந்தது?” என்று கேட்டான். நினைவிலிருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். சில்வர் ஸ்பிறிங் நிலையம் வந்தபோதும் சொல்லி முடியவில்லை.