கொல்கத்தா மாடியில் கார்த்திகை

திருக்கார்த்திகையன்று அகல் ஏற்றி வைத்த கையோடு, "கார்த்திகை எங்கே இருக்கிறது?" என்று குழந்தைகள் கேட்டால், நம்முள் எத்தனை பேர் விரல் நீட்டிக் காட்டுவோம்? அன்று முழுநிலவு அம்மீன் கூட்டத்தின் அருகிலேயே நிற்கிறது. அந்த ஒளியில் ஆறு மீன்களும் மங்கிவிடுகின்றன. மற்ற நாட்களிலோ இந்நகரத்தின் புகையும் தெருவிளக்கும். இங்கே பிறந்த நம் பிள்ளைகள் கார்த்திகையைப் பெயரளவிலேயே அறிந்து வளர்வார்களே என்ற ஏக்கந்தான் என்னைக் காமிராவுடன் மொட்டைமாடிக்கு ஏற்றியது.

கண் தான் பெற்ற ஒளியைச் சேமித்து வைப்பதில்லை, காமிரா சேமிக்கிறது. ஆயினும் பூமி சுழல்வதால் விண்மீன்கள் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கின்றன. அசையாத முக்காலியில் நெடுநேரம் திறந்து வைத்தால் புள்ளிகள் கோடுகளாகிவிடும். ஆகவே இரண்டு மூன்று விநாடிப் படங்களாக நூற்றுக்கணக்கில் எடுத்து, கணினியில் மீனுக்கு மீன் பொருத்தி அடுக்க வேண்டும். நூறு படங்களை அடுக்கினால், மணல் தூவினாற்போன்ற கறை பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது.

தை பிறக்கும் நாட்களில் இரவு எட்டு மணியை ஒட்டி, கார்த்திகை இங்கே ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். உச்சிக்கும் அதற்கும் 2 பாகைகூட இல்லை. சென்னையிலோ 11 பாகை வடக்கே சாய்ந்துவிடும். இந்த ஒன்றில் கொல்கத்தா நம் ஊரை வென்றுவிட்டது! கண்ணுக்கு நான்கே மீன்கள் தெரிந்த இடத்தில், படத்தை எண்ணத் தொடங்கிய என் மகள் எழுபதைத் தாண்டியதும் அலுத்து விட்டுவிட்டாள்.

ஆனால் அம்மீன்களைச் சூழ்ந்த நீலப் படலம் சிக்கவில்லை. 1885இல் பாரிஸில் ஆன்றி சகோதரர்கள், அதுவரை எவர் கண்ணுக்கும் புலப்படாத அப்படலத்தின் ஒரு பகுதியைப் படத்தகட்டில் கண்டார்கள். அது மீனொளியைத் திருப்பித் தரும் தூசி. நகரின் ஒளியிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. வங்காளிகள் காலபுருஷன் என்று அழைக்கும் மீன்குழுவில், நம் திருவாதிரைக்குத் தெற்கே உள்ள பெரும் புகைமண்டலம் அப்படியன்று. அதில் ஹைட்ரஜன் தனக்கே உரிய சிவப்பில் ஒளிர்கிறது. அச்சிவப்பை மட்டும் புகவிடும் கண்ணாடியைக் காமிராவில் பொருத்தினால், தெருவிளக்கின் ஒளி பெரும்பாலும் விலகிவிடும்.

இது செல்வர்களின் விளையாட்டு என்று எண்ண வேண்டாம். ஜெசோர் கருவூலத்தில் சிறு ஊழியராயிருந்த ராதாகோவிந்த சந்திரர், ஒளிமாறும் விண்மீன்களை 37,000 தடவைக்கு மேல் கண்டு குறித்து, அவற்றை ஆராயும் அமெரிக்கச் சங்கத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து 1926இல் அவருக்கு ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று வந்தது. பிரிவினைக்குப் பின் அவர் இந்தியா வந்தார். தொலைநோக்கி வானியலறிஞர் வைணு பாப்புவின் கைக்கு மாறி, கடைசியில் நம் காவலூர் போய்ச் சேர்ந்தது. நம்மைப் போலவே அதுவும் ஊர்விட்டு ஊர் சென்றது, திசைதான் வேறு.

நீலப் படலத்துக்கு இருண்ட வானம் வேண்டும். மாசி அமாவாசைக்குப் புருலியா மாவட்டத்து அயோத்தியா மலைக்குக் குடும்பத்துடன் செல்ல எண்ணியிருக்கிறோம். உடன்வர விரும்பும் அன்பர்கள் கம்பளியை மறவாமல் எடுத்து வருக. காமிரா இல்லாவிடினும் குறையில்லை.